கணுக்கால் ஆழத்தில் முடிக்க வேண்டிய வேலை

கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்குப் பின்னால் நீச்சல்குளம் வைத்திருப்பவர்களில் பலர் நம்மூர் ஓட்டல்காரர்களைப் போலக் கான்கிரீட் போட்டு ஓடு பதிப்பதில்லை. எஃகுத் தகட்டால் சுவர் எழுப்புகிறார்கள். அடியில் மணலையோ மென்மையான சிமெண்டுக் கலவையையோ பரப்புகிறார்கள். அதற்குள் குளத்தின் வடிவத்துக்கே வெட்டி ஒட்டிய ஒரு பெரிய வினைல் பையை இறக்கிவிடுகிறார்கள். லைனர் என்பது இந்தப் பைதான். பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை கனம் இருக்கும். பல ஆயிரம் லிட்டர் தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது அவ்வளவு மெல்லிய தோல். சுமையைத் தாங்குவது சுவரும் தரையும். ஒழுகாமல் காப்பது மட்டுமே லைனரின் வேலை.

புது லைனர் போட்டுத் தண்ணீர் திறந்துவிடும் நாளில் ஒரு விசித்திரம் நடக்கும். கணுக்கால் நனையும் அளவு தண்ணீர் ஏறியதும் தரையில் அங்கங்கே வரி வரியாகச் சுருக்கங்கள் தெரியும். வெறுங்காலோடு உள்ளே இறங்கி, கட்டைவிரலால் நெட்டி நெட்டிச் சுவர்ப்பக்கம் தள்ளினால் சுருக்கம் நகர்ந்து போய்விடும். பத்து வயதுப் பையனே செய்துவிடுவான். அதே சுருக்கத்தை அன்றைக்குக் கவனிக்காமல் விட்டு, மறுநாள் காலை மார்பளவு தண்ணீரில் பார்த்தால், நாலு பெரியவர்கள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அதே ஷீட், அதே தரை. தண்ணீரின் பாரம் கூடிவிட்டது என்று சொல்லிவிடலாம். அது உண்மைதான் என்றாலும் பாதி விடைதான். கணக்குப் போட்டுப் பார்த்தால், கணுக்கால் ஆழத்திலேகூடச் சுருக்கம் நகரக் கூடாது.

எப்படி என்று பார்ப்பதற்கு முன், சுருக்கம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வோம். இருக்கும் இடத்தைவிட ஷீட் கொஞ்சம் அதிகமாக இருந்தால், அந்த மிச்ச நீளம் எங்காவது போயாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஷீட் தன்னைத் தானே நெருக்கிக்கொண்டு குட்டையாகலாம். இல்லையென்றால் வளைந்து மேலே எழலாம். கனத்த மரப்பலகை முதல் வழியில் போகும். மெல்லிய ஷீட் எப்போதும் இரண்டாவது வழியைத்தான் பிடிக்கும். ஷீட்டின் கனத்தைப் பாதியாகக் குறைத்தால் அதை நெருக்கத் தேவையான விசையும் பாதியாகக் குறைகிறது. ஆனால் வளைக்கத் தேவையான விசையோ எட்டில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். இன்னொரு முறை பாதியாக்கினால் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. மெலிய மெலிய, வளைவது அவ்வளவு மலிவாகிவிடுகிறது. நெருக்கத்துக்கு உள்ளான மெல்லிய பொருள் இப்படித் திடீரென்று பக்கவாட்டில் விலகி வளைவதைத் துவளல் எனலாம். ஒல்லியான தூண் எவ்வளவு சுமையில் துவளும் என்று கணக்கிடும் வழியை 1744-இலேயே லியோன்ஹார்ட் ஆய்லர் கண்டுபிடித்துவிட்டார். லைனரில் தெரியும் ஒவ்வொரு வரியும் அந்தத் துவளலின் தடயம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பத்து செ.மீ. அகலமான இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் ஷீட் மிகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மேடாக எழும்போது உயரம் ஒரு மில்லிமீட்டர் அல்ல, ஆறு மில்லிமீட்டருக்கும் மேல். மிச்சம் ஒரு செ.மீ. என்றால் மேடு இரண்டு செ.மீ. உயரும். வளைந்த கோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் நீளத்தில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் வரும் விளைவு இது. ஆகவே சுருக்கம் ஒரு பூதக்கண்ணாடி. பத்து மீட்டர்க் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்குப் பிசகு. அளவு நாடாவுக்குச் சிக்காத அந்தப் பிசகைச் சுருக்கம் கண்ணுக்கு முன் தூக்கிக் காட்டிவிடுகிறது. லைனர் போட்டவர் வேலை தெரியாதவர் என்று உடனே முடிவு கட்டுவது நியாயமில்லை.

இந்தப் பிசகுக்கு இடம் கொடுக்காமலிருக்க, லைனர்களைக் குளத்தைவிடச் சற்றுச் சிறியதாகவே செய்கிறார்கள். மாட்டும்போது இழுபட்டு நிற்கும். இழுபட்ட ஷீட்டில் மிச்சம் இருக்காது. இப்படி இழுபட வினைல் மென்மையாக இருக்க வேண்டும். வினைல் என்பது பிவிசி. வீட்டில் தண்ணீர்க் குழாயாக விறைத்து நிற்கிறதே, அதே பொருள்தான். 1926-இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் பிவிசியோடு சில திரவங்களைக் கலந்து சூடாக்கியபோது ரப்பர் போலத் துவளும் பொருள் கிடைத்தது. நீண்ட பிவிசி மூலக்கூறுகளுக்கு நடுவே இந்தத் திரவ மூலக்கூறுகள் புகுந்து, ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளாமல் விலக்கி வைக்கின்றன. இவற்றை நெகிழியாக்கிகள் என்பார்கள். வெயில் பட்டால் மூலக்கூறுகளின் ஆட்டம் கூடி லைனர் இன்னும் இளகும். குளிரில் விறைக்கும். அதனால்தான் லைனர் மாற்ற வெதுவெதுப்பான நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வசந்தத்தின் குளிர்ந்த காலையில் அவசரப்பட்டுப் போட்டால் இழுத்த இழுப்புக்கு வராது. அதற்காக நடுப்பகல் வெயிலில் மணிக்கணக்காக விரித்துப்போட்டாலும் தொல்லை: அளவுக்கு மீறி இளகி, பெருத்து, மாட்டும்போது தொளதொளவென்று இருக்கும்.

பெட்டியில் மடித்து வந்ததால் விழுந்த மடிப்புக்கோடுகள் வேறு வகை. அவற்றில் மிச்ச நீளம் ஏதுமில்லை. நெகிழியில் பதிந்துபோன பழைய வளைவு மட்டுமே. வெதுவெதுப்பும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சில நாட்களில் பெரும்பாலும் தளர்த்திவிடும். எது எது என்று தெரிந்துகொள்ள விரலால் தடவிப் பார்த்தால் போதும். அடியில் வெற்றிடம் வைத்து மேடாக எழும்புவது சுருக்கம். தரையோடு ஒட்டிக்கொண்டு கோடாக மட்டும் தெரிவது மடிப்பு.

சுருக்கத்தைத் தள்ளத் தொடங்குவதற்கு முன், அது ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். இதுதான் இந்த விஷயத்திலேயே மிகவும் சுவையான பகுதி. ஒரு ஷீட்டை எந்தத் திசையில் நெருக்குகிறோமோ அதற்குக் குறுக்காகத்தான் மேடுகள் எழும். எந்தத் திசையில் இழுக்கிறோமோ அந்தத் திசையிலேயே வரிகள் ஓடும். ஆக, வரிகள் சுவருக்கு இணையாக ஓடினால், நடுத்தரைக்கும் அந்தச் சுவருக்கும் இடையில் ஷீட் மிகுந்திருக்கிறது. சுவரை நோக்கித் தள்ளினால் தீரும். மூலையிலிருந்து சாய்வாகக் கோடுகள் கிளம்பினால், பை முழுவதுமே கொஞ்சம் திருகி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் காலால் தள்ளிப் பயனில்லை. மேல்விளிம்பை அது மாட்டியிருக்கும் தடத்திலிருந்து கழற்றிச் சில செ.மீ. நகர்த்தி மாட்ட வேண்டும்.

சாய்வு வரிகளுக்கு விமானத் தொழிலில் பெரிய பெயர் உண்டு. 1929-இல் ஹெர்பர்ட் வாக்னர் என்ற பொறியாளர், மெல்லிய உலோகத் தகடு திருகு விசையில் சாய்வாகச் சுருங்கினாலும் உடைந்துவிடுவதில்லை, வரிகளின் திசையில் இழுவையைத் தாங்கிக்கொண்டு தொடர்ந்து சுமக்கும் என்று காட்டினார். அதுவரை சுருங்குவதே தோல்வி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இன்றும் சில விமானங்களின் உடற்தகட்டில் பக்கத்திலிருந்து வெளிச்சம் பட்டால் அந்தச் சாய்வு வரிகள் தெரியும். இதைவிட விசித்திரம், வெறும் இழுவையே சுருக்கத்தை உண்டாக்கும் என்பது. இரண்டு முனைகளையும் பிடித்து ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்தால் நடுவில் இழுத்த திசையிலேயே வரிகள் விழும். நீளும்போது ஷீட் அகலத்தில் ஒடுங்கப் பார்க்கிறது. பிடித்த முனைகள் அதைத் தடுப்பதால் நடுப்பகுதி குறுக்கே நெருக்கப்படுகிறது. இந்த வரிகளின் இடைவெளியைக் கணக்கிடும் வழியை 2003-இல் என்ரிக் செர்டாவும் லட்சுமிநாராயணன் மகாதேவனும் வெளியிட்டார்கள். மகாதேவன் சென்னை ஐஐடியில் படித்தவர். இப்போது ஹார்வர்டில் பேராசிரியர். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறையும் வரும்.

திருகலைச் சரிசெய்யத் தண்ணீர் விடுவதற்கு முன்பே சந்தர்ப்பம் கிடைக்கிறது. தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயைச் சுவருக்கும் லைனருக்கும் இடையில் செருகி, மற்ற சந்துகளையெல்லாம் ஒட்டுநாடாவால் அடைத்து இயக்குவார்கள். சில நிமிடங்களில் லைனர் சுவரிலும் தரையிலும் அப்பிக்கொள்ளும். இயந்திரம் லைனரை இழுப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் தள்ளுவது மேலிருக்கும் வளிமண்டலம். உள்ளே காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே போதும். அது பத்து செ.மீ. தண்ணீர் நின்றதற்குச் சமம், அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரின் மீதும் நூறு கிலோ. தண்ணீர் தரையிலிருந்து மெல்ல மெல்லத்தான் ஏறும். காற்றோ சுவரிலும் மூலையிலும் எங்கும் ஒரே நேரத்தில் அழுத்திவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பொத்தானை அணைத்தால் அழுத்தம் போய்விடும். சுருக்கம் கண்ணில் பட்டால் அணைத்து, விளிம்பை நகர்த்தி, மறுபடி இயக்கிப் பார்க்கலாம். தண்ணீரில் அந்த வசதி இல்லை. லைனர் போடும் வல்லுநர்கள் தண்ணீர் தரையை நன்றாக மூடும்வரை இந்த இயந்திரத்தை நிறுத்தாமல் வைத்திருப்பது வழக்கம்.

இனி அந்தப் பத்து வயதுப் பையனின் கட்டைவிரலுக்கு வருவோம். ஐந்து செ.மீ. தண்ணீர் நின்றால் சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோ பாரம். ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள வட்டக் குளத்தில் மொத்தம் ஏறத்தாழ 1,200 கிலோ. ஷீட்டுக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு பாரத்தில் பாதி என்று எடுத்துக்கொண்டால், லைனரின் அடிப்பாகத்தை இழுத்து நகர்த்த 600 கிலோ விசை வேண்டும். அதில் ஒரு பகுதியை மட்டும் நகர்த்தவும் நூற்றுக்கணக்கான கிலோ ஆகும். ஆனால் பையன் நகர்த்துகிறானே!

பெரிய ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேல் நாலு பேர் உட்கார்ந்த பிறகு ஓரத்தில் ஒரு மேடு விழுந்திருப்பதைப் பார்த்தால், யாரும் ஜமுக்காளத்தை முனையில் பிடித்து இழுப்பதில்லை. மேட்டைக் காலால் நெட்டி மறுபக்கம் கொண்டுபோய்விடுவோம். மேடு போகும்போது, எந்த நேரத்திலும் அது நிற்கும் இடத்தில் மட்டும்தான் துணி தரையை விட்டு எழுந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் தரையோடு ஒட்டிக்கொண்டு அசையாமலே கிடக்கிறது. மேடு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்ச் சேரும்போது ஜமுக்காளம் முழுவதும் மேட்டில் இருந்த மிச்ச நீளத்தின் அளவுக்கு நகர்ந்திருக்கும். உராய்வு ஒரே மூச்சில் தோற்கடிக்கப்படவில்லை. ஒவ்வொரு சாணாகத் தவணையில் கழிக்கப்பட்டிருக்கிறது. லைனரில் நடப்பதும் இதுவே. பையன் நகர்த்துவது லைனரை அல்ல, மேட்டை மட்டும்தான். பத்து செ.மீ. அகல மேட்டில் அவன் பாதத்துக்கு முன்னால் இருக்கும் துண்டு ஒரு சதுர மீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. அதன் மேலிருக்கும் தண்ணீரின் எடை அரைக் கிலோ.

இது வெறும் உவமை அல்ல. அளந்து பார்த்த விஷயம். 2009-இல் விரிப்பில் விழும் மேட்டைப் பற்றியே இரண்டு குழுக்கள் தனித்தனியே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டன. அவற்றில் ஒன்று மகாதேவனின் குழு. தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மேடு தானாகவே உருண்டு இறங்கத் தொடங்குகிறது. உருளத் தொடங்கும் கோணத்தைவிட, உருண்டது நிற்கும் கோணம் சிறியது. அதாவது முதல் அசைவுக்குத்தான் அதிக விசை தேவை. கிளம்பிவிட்டால் கொஞ்சம் போதும். குளத்தில் சுருக்கம் தள்ளியவர்களும் இதை உணர்ந்திருப்பார்கள்: முதல் நெட்டு கடினம், பிறகு வழுக்கிக்கொண்டு போகும். உலோகம் ஏன் கணக்கிட்டதைவிட மிக எளிதில் வளைகிறது என்ற பழைய புதிருக்கும் இதே விடைதான். அணு அடுக்கு ஒன்று முழுதாக மற்றொன்றின் மேல் சறுக்குவதில்லை. அடுக்கில் இருக்கும் ஒரு கோட்டுப் பிசகு மட்டும் ஊர்ந்து போகிறது. 1934-இல் டெய்லர், ஒரோவான், போலன்யி மூவரும் தனித்தனியே இதைச் சொன்னார்கள். அந்தப் பிசகுக்கு இடப்பிறழ்வு என்று பெயர்.

தண்ணீர் ஏறினால் மேட்டுக்கு என்ன ஆகிறது? அடியில் இருப்பது காற்று அல்லது வெற்றிடம். மேலே மட்டும் தண்ணீர் அழுத்துகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் சதுர மீட்டருக்கு ஒரு டன். வளைந்து நின்ற மேடு அந்த அழுத்தத்தில் சரிந்து, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு தட்டையான மடிப்பாகப் படுத்துவிடுகிறது. இனி உருட்டுவதற்கு மேடே இல்லை. நகர்த்த வேண்டுமென்றால் முதலில் மடிப்பைத் திறந்து தூக்க வேண்டும், இல்லையேல் பக்கத்தில் உள்ள ஷீட்டை உராய்வோடு போராடி இழுக்க வேண்டும். கட்டைவிரலின் தந்திரம் செல்லுபடியாகாத இடம் இது. நாள் போகப் போக வினைலும் அந்த வளைவுக்குப் பழகிப் பதிந்துவிடும். அதனால்தான் முதல் ஐந்து செ.மீ.யில் தண்ணீரை நிறுத்திவிடு, நடுவிலிருந்து சுவரை நோக்கி எல்லாப் பக்கமும் தள்ளிச் சமன் செய், பிறகு திற என்கிறார்கள்.

தவறவிட்டவர்களுக்கும் ஒரு கருவி இருக்கிறது: கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணம், புதியது. சுருக்கத்துக்குப் பக்கத்தில் அழுத்தி, ஷீட்டைக் கவ்விக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பார்கள். முழங்கால் ஆழம் வரை ஓரளவு பலிக்கும். அதற்கும் மேலே என்றால் தண்ணீரை இறக்குவதுதான் வழி. லைனர் புதிதாக, நாள் வெதுவெதுப்பாக இருந்தால் செய்யலாம். பழைய லைனரில் செய்யக் கூடாது. நெகிழியாக்கி குறைந்து விறைத்த ஷீட், தண்ணீர் இறங்கியதும் சுருங்கி, திரும்ப நிரப்பும்போது மூலையில் கிழிந்துவிடும். என்னைக் கேட்டால், காலில் இடறாத, துடைப்பானைத் தடுக்காத சுருக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். அழகைத் தவிர வேறு எதுவும் கெடாது.

பல மாதம் வழவழப்பாக இருந்த தரையில் திடீரென்று சுருக்கம் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெருமழைக்குப் பிறகு நிலத்தடி நீர் உயர்ந்து லைனருக்கு அடியில் புகுந்தால், மேலும் கீழும் தண்ணீர் அழுத்தி ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். டன் கணக்கில் தண்ணீர் மேலே நின்றாலும் லைனரைத் தரையோடு அழுத்துவது எதுவும் மிஞ்சாது. மிதக்கத் தொடங்கிய லைனர், நீந்துபவரின் கால் பட்டாலே குவியும். அப்போது குளத்தை அவசரமாக வடிப்பது பெரும் தவறு; உள்ளே எதிர்த்து நின்ற பாரம் போய்விட்டால் வெளிநீர் லைனரைக் கிளப்பிவிடும், சில இடங்களில் சுவரையே உள்ளே தள்ளிவிடும். முதலில் வெளியே பள்ளம் தோண்டி நிலத்தடி நீரை இறைக்க வேண்டும்.

நம் ஊரில் பண்ணைக்குட்டைக்கு ஷீட் விரிப்பவர்களுக்கு இவையெல்லாம் பொருந்தும், ஒரு பெரிய மாறுதலோடு. அவர்கள் பயன்படுத்தும் கறுப்பு ஷீட் பெரும்பாலும் எச்டிபிஇ என்ற அடர்த்தியான பாலித்தீன். வெயிலில் அது பெருப்பது அதிகம். 100 மீட்டர் நீள ஷீட் விடியற்காலைச் சூட்டைவிட 40 டிகிரி கூடினால் ஏறத்தாழ அரை மீட்டரோ அதற்கும் மேலோ நீளும். உச்சிவெயிலில் கொதிக்கும் ஷீட் வரி வரியாக எழும்புவது இதனால்தான். குப்பைமேடுகளின் அடியில் கழிவுநீர் இறங்காமல் இதே ஷீட்டை விரிக்கிறார்கள்; அங்கே சுருக்கம் அழகுப் பிரச்சினை அல்ல. கனடாவின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தில் கெர்ரி ரோ உள்ளிட்ட பொறியாளர்கள், விரித்த ஷீட்டை வானிலிருந்து படம் பிடித்து, சுருக்கங்கள் ஒன்றோடொன்று இணைந்து வலைப்பின்னலாகப் பரவுவதை அளந்தார்கள். மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளிருக்கும் இடைவெளி முழுவதும் அடைபடுவதில்லை. ஷீட்டில் ஒரு சிறு துளை சுருக்கத்தின் மேல் அமைந்துவிட்டால், ஒழுகிய நீர் அந்த வலைப்பின்னல் வழியே நெடுந்தூரம் பரவி, பெரிய பரப்பில் மண்ணுக்குள் இறங்கும். தட்டையாகத் தரையோடு ஒட்டிய ஷீட்டில் அதே துளை விழுந்தால் இறங்குவது மிகக் கொஞ்சம்.

அப்படியானால் சுருக்கமே இல்லாமல் இறுக்கமாக விரித்துவிடலாமே என்று தோன்றும். பகல் வெயிலில் இறுக்கி விரித்த ஷீட் இரவுக் குளிரில் குறுகும்போது, கரைச்சரிவு தரையைத் தொடும் வளைவில் மண்ணை விட்டு எழுந்து பாலம் போல அந்தரத்தில் நிற்கும். தண்ணீர் நிறையும்போது அடியில் தாங்க எதுவும் இல்லாததால் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். அதனால் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் தொளதொளப்பை வேண்டுமென்றே விட்டு வைப்பார்கள். ஓரத்தை மண்ணில் புதைப்பதையும் மேலே மண் போடுவதையும் ஷீட் குளிர்ந்து தட்டையாகக் கிடக்கும் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவார்கள்.